சொந்த சீல் உள்ளவர்கள்

28-7, திங்கள்

ஆடிக் காற்று. கண்ணெல்லாம் மண். செராமிக் எஸ்டேட் பக்கமிருந்து வெள்ளைத் தூசி வேறு. காலையில் காயப்போட்ட புடவையை மறுபடி துவைக்கணும்.

ஆர்டர் வந்துவிட்டது. பதவி இறக்கம். சனிக்கிழமை வரை துணைத் தாசில்தார், இன்றிலிருந்து உதவியாளர். கோர்ட் தீர்ப்புப்படி பணிமூப்புப் பட்டியலைத் திருத்திப் போட்டதில் என் பெயர் கீழே போய்விட்டது. ‘இது தண்டனை ஆகாது’ என்று ஆர்டரிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை யார் படிக்கப்போகிறார்கள்.

என் இடத்துக்குக் குணா. என்னைவிடச் சின்னவன், நல்லவன். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் மனசுக்குள் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். பீரோ சாவி கொடுத்தேன். சீல் கொடுத்தேன். ரப்பரில் ஊதா மை காய்ந்து கிடந்தது, துடைத்துக் கொடுத்திருக்கலாம். அதில் என் பெயர் எப்போதும் இருந்ததில்லை, பதவி மட்டும்தான். அதனால் மாற்றவேண்டிய வேலைகூட இல்லை.

குணா இதுவரை ‘மேடம்’. இன்று சாயங்காலம் ‘அக்கா’. பாசமாகத்தான் கூப்பிட்டான். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். கொலு பொம்மை சீசன், கை முழுக்கக் களிமண். அச்சைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“டெபுடி, அசிஸ்டென்ட். தமிழ்ல தொணை, ஒதவி. ரெண்டும் ஒண்ணுதான?”

“ஒண்ணு இல்லிங்க.”

“பின்ன என்னா வித்தியாசம்?”

“தாசில்தார் இல்லாதப்ப டெபுடி அவரு நாற்காலில ஒக்காரலாம். அசிஸ்டென்ட் அந்த நாற்காலிக்கு ஃபைல் எடுத்துட்டுப் போவணும்.”

கையில் இருந்த பிள்ளையாரைக் கீழே வைத்தார். “அப்ப கஷ்டந்தான்” என்றார். அழுகை வந்தது, அழவில்லை. பால் பொங்கிவிட்டது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இப்போதைக்கு அது ஒன்றுதான் கவலை.

30-7, புதன்

தூறல் மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. ரேஷன் பருப்பு. அவருக்கு பி.பி. மாத்திரை. மறக்காமல் செருப்பு தைக்கக் கொடுக்கணும்.

பட்டா மாற்றத்துக்கு மாதக்கணக்கில் நடக்கும் பெரியவர் ஒருவர் இன்றும் வந்தார். வழக்கம்போல நேராக என்னிடம். குணா சாரைப் பாருங்கள் என்று கை காட்டினேன். போகவில்லை. என் மேசையை, நாற்காலியை, முதுகுக்குப் பின்னால் இருந்த பழைய ஃபைல் கட்டுகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏம்மா, எதனா தப்பு நடந்துபோச்சா?”

“இல்லைங்க. லிஸ்ட் மாத்திட்டாங்க.”

“சரி சரி. நம்ம நேரந்தாம்மா எல்லாம்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

ஆபீசில் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் ஒரு துண்டுத்தாளில் எழுதிப்பார்த்தேன். டெபுடி, அசிஸ்டென்ட், அடிஷனல், ஜாயின்ட், ஸ்பெஷல், சப். எத்தனை வருஷமாக இந்த வார்த்தைகளோடு சோறு தின்கிறேன். வெளியாளுக்கு எல்லாம் ஒரே ஜாடை. ‘அசிஸ்டென்ட்’ தனியாக நின்றால் நான். பின்னால் ‘கலெக்டர்’ என்று சேர்த்துவிட்டால் தாசில்தாரே எழுந்து நிற்கவேண்டிய ஆள். ‘ஸ்பெஷல்’ போட்டால் பெரிய பதவி என்று நினைத்துக்கொள்கிறார்கள், தாசில்தாருக்குச் சமம்தான், வேலை மட்டும் வேறு. முன்னால் இருக்கும் வார்த்தையில் ஒன்றுமில்லை, பின்னால் யார் நிற்கிறார் என்பதுதான் கணக்கு. எனக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை.

தாளைக் கிழித்துப் போட்டேன்.

சாயங்காலம் தம்பி சேகர் போன். ஊரில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவனும் அவன் மனைவி வனிதாவும்தான். அப்பாவுக்குக் கால் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டதாம். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகின்றன. டயாலிசிஸ் வேண்டவே வேண்டாம் என்கிறார். “மிஷினுல மாட்டி என்ன தொங்கவுட வேணாம்” என்றாராம்.

அடுத்த வெள்ளி ஊரில் செடல் திருவிழா. அதை நினைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றான் சேகர்.

அவனிடமும் சொல்லவில்லை.

1-8, வெள்ளி

ஆடி வெள்ளி. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ்ஸில் இடமில்லை. ஆபீஸ் லேட். குணா ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லலாம் இப்போது.

வேப்பூருக்கு அப்பால் இருக்கும் மங்களூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. மக்காச்சோளம், பருத்தி. மாரியம்மனுக்குச் செடல் அன்று, தேர் இழுக்கும் முன் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். முதலில் ஊர்த் தலைவர், பிறகு கோயில்காரர்கள், கடைசியில் உத்தியோகத்தில் இருப்பவர்கள். இந்தக் கடைசி வரிசையில்தான் ஒரு வருஷம் அடிதடி. ஊரில் பிறந்த ஒருவர் ஏதோ ஒரு இலாகாவில் ‘ஜாயின்ட்’, இன்னொருவர் வேறு இலாகாவில் ‘அடிஷனல்’. யார் பெரியவர்? ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், தேர் வெயிலில் நின்றது. அதற்குப் பிறகு ஊர் கூடி ஒரு கட்டு போட்டது. இங்கிலீஷ் பதவியெல்லாம் நமக்கு வேண்டாம், சொந்த சீல் உள்ளவர்களுக்குத்தான் பரிவட்டம், வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி வரிசை. அதிலிருந்து சண்டை இல்லை. ஹெட்மாஸ்டருக்கு சீல் உண்டு. சப்-இன்ஸ்பெக்டருக்கு உண்டு. பாங்க் கிளார்க்குக்குக் கிடையாது.

பெண்ணுக்குக் கட்டியதில்லை. அப்பாதான் போன மாசம் வீங்கிய காலோடு தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாராம். “சீல் இருக்கணும்னு சொன்னீங்க. ஆம்பளையா இருக்கணும்னு சொன்னீங்களா?” என்று. சரி என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா தெருவில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் அதே பேச்சு.

இன்று மத்தியானம் தலைவர் போன். பங்காளி வகையில் எனக்குப் பெரியப்பா முறை.

“செல்வி, பேனருல ஒனக்கு என்னான்னு போடறதும்மா? துணை வட்டாட்சியரா, டெபுடி தாசில்தாரா? எது கொஞ்சம் எடுப்பா இருக்கும்?”

சொல்லிவிட்டேன். அப்படியே வாயில் வந்துவிட்டது. வராண்டாவில் நின்றபடி, சுற்றிலும் ஆட்கள்.

“பெரியப்பா, என்னை அசிஸ்டென்டா போட்டுட்டாங்க.”

“ஏ, நல்ல சேதிதானம்மா! அசிஸ்டென்ட் கலெக்டருன்னா ஜீப்பு, பங்களா...”

“அது வேற பெரியப்பா. இது வெறும் அசிஸ்டென்ட். கீழ எறக்கிட்டாங்க. சீல் குடுத்துட்டேன்.”

அந்தப் பக்கம் யாரோ மைக் செட்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும்.

“கட்டுன்னு ஒண்ணு இருக்குதேம்மா” என்றார் கடைசியில். “நான் ஒனக்கு வுட்டுக் குடுத்தேன்னு வெய்யி, நாளைக்கு பாங்க்ல இருக்கிற பையன் வந்து நிப்பான்.”

“தெரியும் பெரியப்பா. வேணாம்.”

“ஒங்க அப்பன்கிட்ட நீயே சொல்லிடு. என்னால ஆவாது.”

மனசில் ஒன்று ஓடியது, எழுதிவைக்கிறேன். சீல் இருந்தவரை அவர்களுக்கு நான் ஆபீசர். ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. சீல் போனதும் மறுபடி வெறும் பொம்பளை.

3-8, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் தண்ணீர் இல்லை. குழாயடியில் மஞ்சள் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வேப்பூரில் பஸ் மாறி, ஹைவே ஓரக் கடையில் ஒரு டீ. அப்பாவுக்கு ஆப்பிள். உப்பில்லாத பிஸ்கட் கேட்டேன், அப்படி ஒன்று கிடையாது என்றான்.

அப்பா கட்டிலில். முகம் உப்பி, கண் சிறுத்து. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“தாசில்தாரம்மா வந்துட்டாங்க. நாற்காலி போடுறா சேகரு!”

சின்ன வயதிலிருந்து கேலி இது, பள்ளிக்கூடத்துக்குப் பை மாட்டிக்கொண்டு போகும்போதே இப்படித்தான் கூப்பிடுவார். பதவி உயர்வு வந்தபிறகும் அதே கேலியை விடவில்லை. அதற்குள் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சாப்பிட்ட பிறகு சொன்னேன். மெதுவாக, ஒவ்வொன்றாக. கோர்ட், பட்டியல், ஆர்டர், குணா.

“யார் மேல கேஸு?” என்றார் முதலில்.

“யார் மேலயும் இல்லப்பா. ஸ்டேட்டு பூரா அப்பிடித்தான்.”

“சீலு?”

“குடுத்துட்டேன்.”

“தலைவருக்குத் தெரியுமா?”

“வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன்.”

அதற்குத்தான் அழுதார். பதவி போனதற்கு இல்லை. “எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும் பாப்பா. நான் போயி அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். நான் கேட்டு வாங்குனது, நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அம்மா போனபோதுகூட.

சரியாகத்தான் சொல்கிறார். அவருக்கு அந்த ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் தலைவலி. ஆப்பிளை வனிதா வாங்கி உள்ளே வைத்துவிட்டாள், கிட்னிக்கு எதைக் கொடுக்கலாம் எதைக் கூடாது என்று அவளுக்குத்தான் தெரியும்.

4-8, திங்கள்

ஆபீஸ். முதியோர் உதவித்தொகை மனுக்கள் ஒரு கட்டு. மின்விசிறி ஓடவில்லை.

காலை டிபன் நேரத்தில் சேகர் போன். ராத்திரி எப்படி இருந்தார் என்றேன்.

“அக்கா, கார்த்தால ஏந்திரிச்சதும் கேக்கறாரு. தாசில்தாரம்மா எப்ப வராங்க, வெள்ளிக்கிழமை பரிவட்டம் இருக்குது, புதுப் பொடவை எடுத்தாச்சான்னு.”

“நேத்துதான சொன்னேன்?”

“நீ வந்ததே ஞாபகம் இல்ல அக்கா.”

அவன் பாவம், மறுபடி எடுத்துச் சொல்லியிருக்கிறான். அப்பா புதிதாகக் கேட்பதுபோல் கேட்டு, புதிதாக அழுதிருக்கிறார். அதே கேள்வியாம். யார் மேல கேஸு.

கிட்னி வெளியேற்றாத உப்பு தலைக்கு ஏறினால் இப்படித்தான் ஞாபகம் தடுமாறும் என்று டாக்டர் சொன்னாராம்.

குணா என் முகத்தைப் பார்த்து, “அக்கா, வேணும்னா லீவு போட்டுட்டுப் போயிட்டு வாங்க” என்றான். லீவு லெட்டர் அவனிடம்தான் கொடுக்கணும். கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு சீல் வைத்தான். நன்றாகத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறான், எழுத்து பளிச்சென்று விழுந்தது.

6-8, புதன்

ஊரில். இரண்டு நாள் லீவு, இன்றிலிருந்து.

காலையில் அப்பா தெளிவு. கஞ்சி குடித்தார். மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடித்தாச்சா என்று சேகரை விரட்டினார். மாட்டுக்காரி பெயர், பக்கத்து நிலத்துக்காரன் போட்ட வேலி, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்குள் போய்த் தங்கமாட்டேன் என்கிறது.

பத்து மணிக்கு மேல்: “தாசில்தாரம்மா, ஜீப்புல வந்தியா பஸ்ஸுல வந்தியா?”

சொன்னேன். மறுபடி எல்லாவற்றையும். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத திமிர். அவருக்கு உண்மை தெரியவேண்டும் என்று பிடிவாதம். யாருக்காக?

“யார் மேல கேஸு?”

ஒரு சொல் மாறவில்லை. “எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும்” என்பதும் அப்படியே. அப்புறம் சுவர். அந்த முதுகு.

வனிதா கொல்லையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

“அண்ணி, நீங்க சொல்லிட்டு பஸ்ஸு ஏறிடறீங்க. அவரு பொழுதுக்கும் அழுவறாரு. சோறு எறங்க மாட்டேங்குது. ஒரு தடவை செத்த சேதிய தெனம் போயி சொல்லுவாங்களா?”

அவள் சொன்னது நியாயம்.

இனி சொல்வதில்லை. நாலாவது தடவை கிடையாது.

வீட்டிலிருந்து அவர் போன் செய்தார். சூளையில் ஒரு தட்டுப் பொம்மை வெடித்துவிட்டதாம், தசாவதார செட்டில் வராகத்தைக் காணோம். நான் அழுவது தெரிந்து, “நான் கெளம்பி வரவா?” என்றார். வேண்டாம் என்றேன். சீசன். பிறகு, என்னைச் சிரிக்கவைக்கத்தான், “ஒம்போது படில எந்த பொம்மை எங்கன்னு நான் தூக்கத்துல சொல்லுவேன். ஒங்க ஆபீசுல நாலு படிதான், அது எனக்கு ஏறலியே செல்வி” என்றார். சிரித்தேன்.

8-8, வெள்ளி

செடல். லீவை ஒரு நாள் நீட்டிக் குணாவுக்கு போனில் சொல்லிவிட்டேன். வெயில் இல்லை, மேகம். விடிந்ததிலிருந்து பம்பைச் சத்தம். வனிதா கூழ் ஊற்றப் போய்விட்டு வந்தாள். சேகர் தேர் வடம் பிடிக்கப் போயிருக்கிறான், தெருவில் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லையாம், வனிதா சொன்னாள். தலைவர் சொல்லிவைத்திருப்பார்.

பேனரில் என் பெயர் இல்லை. பார்க்கக்கூடாது என்றுதான் போனேன், பார்த்துவிட்டேன். வரவேண்டியிருந்த இடத்தில் அம்மன் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அப்பா காலையிலிருந்து அதிகம் பேசவில்லை. மூச்சு மேலே மேலே. கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம். மைக் நன்றாகக் கேட்கிறது.

மத்தியானம் பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊர்த் தலைவர். கோயில்காரர்கள். அப்பா கண்ணைத் திறந்தார். ஹெட்மாஸ்டர். சப்-இன்ஸ்பெக்டர், அவர் வேலைக்குச் சேர்ந்ததே எனக்குப் பிறகுதான்.

“அவனுக்கு முன்னால ஒன்னையில்ல கூப்புடணும்?” என்றார்.

மைக்கில் அன்னதானம் பந்தி எங்கே என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா காத்துக்கொண்டிருந்தார். தேர் கிளம்பி, வெடி போட்டார்கள். அவர் இன்னும் மைக் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, நம்ம பேரு?”

“கூப்ட்டுட்டாங்கப்பா. மொதல்லயே. நீங்க கண்ணசந்துட்டீங்க.”

இவ்வளவு எளிதாக வரும் என்று நினைக்கவில்லை.

“போயி வாங்கினியா?”

“வாங்கினேன்.”

“பரிவட்டம் எங்க?”

அதை நான் யோசிக்கவில்லை. கட்டில் தலைமாட்டில் அவர் துண்டு கிடந்தது. வெள்ளைத் துண்டு, ஓரத்தில் இருமல் மருந்துக் கறை. எடுத்து, அவர் பார்க்கும்படியே, தலையில் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டேன். கொண்டைமேல் சரியாக உட்காரவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தார். என்னையா துண்டையா, தெரியவில்லை.

“சீலு பத்திரமா வெச்சிருக்கியா?”

“இருக்குதுப்பா.”

“அவுத்துடாத. தேரு நம்ம வூட்டாண்ட வரும். ஊரு பாக்கட்டும்.”

கண்ணை மூடிக்கொண்டார். என் இடது கையைப் பிடித்தபடி தூக்கம். பக்கத்தை அழுத்திப் பிடிக்கக் கை இல்லாமல் எழுதுகிறேன், கோணல் மாணலாகப் போகிறது. வனிதா மோர் கொண்டுவந்தாள். என் தலையைப் பார்த்தாள். பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்து, இழுத்து, சரியாகக் கட்டிவிட்டுப் போனாள்.

பம்பை கிட்டத்தில் கேட்கிறது. தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், முன்னால் தலைவர். நான் அவிழ்க்கவில்லை.